மகளுக்கு, ஐந்து பிரதிகளோடு

அன்புள்ள மகள்,

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உன் கட்டுரையின் ஐந்து பிரதிகளும் கிடைத்தன. தாள்களின் ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னிடமே சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். போன வருடம் நீ முகநூலில் எழுதியதைப் படித்த அன்றே செய்திருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கோபம்.

என் நல்ல வசனத்தை ஒரு டீச்சர் வெட்டினார் என்று எழுதியிருந்தாய். பெயர் போடவில்லைதான். ஆனால் நம் ஊரில் அது யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது ஒருத்தி என்னிடமே கேட்டாள். சரி, வெட்டியது நான்தான். திரும்பத் திரும்ப எழுதவைத்ததும் நான்தானே, மகள்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

முதல் பிரதி இப்போதும் என் கண்முன்னால் இருக்கிறது. 1999, பத்தாம் ஆண்டு, பாடசாலை மலருக்கு ‘எங்கள் வாவி’. ‘மீன்பாடும் தேன்நாடாம் மட்டுநகரில் வளைந்து நெளிந்து செல்லும் வாவி மங்கை’ என்று தொடங்கியிருந்தாய். வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் எழுதித் தந்தார்கள். உன்னுடையதை மட்டும் நான் கீழே வைக்காததற்குக் காரணம் நடுவில் வந்த தயிர்க்காரக் கிழவி. அவள் சட்டிகளுக்கு இடையில் நீ வைக்கோல் அடைத்திருந்தாய்.

அந்தப் பின்னேரம் வேப்பமரத்தடியில் வைத்து உன்னைக் கேட்டேன்: “நீ மீன் பாடிக் கேட்டிருக்கியா?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப என்னத்துக்கு எழுதின?”

நீ பேசவில்லை. பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாய். நான் விடவில்லை. “அப்ப நீ வாவியில கேட்டது என்ன?” என்றேன். வெகுநேரம் கழித்து, “பாதைப் பலகையில சைக்கிள் ஏறுற சத்தம்” என்றாய். ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போன அந்த மிதவையைத்தான் நாம் பாதை என்போம். அழப்போகிறாய் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா?” என்று கேட்டாய். அந்தக் கேள்விக்குப் பிறகு அன்று வீட்டுக்குப் போய் நான் சோறு சமைக்கவில்லை, பாணும் சம்பலும்தான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நானும் மீன் பாடிக் கேட்டதில்லை, மகள். அதை அன்று உன்னிடம் சொல்லவில்லை. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். சண்டை நடந்த அந்த நாட்களில் இரவில் வாவிக்கு யார் போவது?

இரண்டாம் பிரதியில் பயந்து எல்லாவற்றையும் சுருக்கிவிட்டாய். மூன்றாவதில் சத்தங்கள் வந்தன: சைக்கிள், சட்டிகள் முட்டுவது, மண்முனைக் கரையில் யாரோ யாரையோ கூப்பிடுவது. ‘மிகவும்’, ‘அழகிய’ எல்லாவற்றையும் எனக்கு முன்னால் நீயே வெட்டியிருந்தாய். என் சிவப்புப் பேனைக்கு வேலை இருக்கவில்லை. பெரியம்மா வீட்டில் குப்பி விளக்கில் இருந்து எழுதினாயாம், பிறகுதான் தெரியும்.

நாலாவதில் அந்த வசனம்.

‘வெள்ளிக்கிழமைகளில் துறையடியில் நின்று பாதையால் இறங்குகிறவர்களை எண்ணுவேன். எப்போதும் ஒருவர் குறைவார்.’

அது யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், அதனால் அதற்குமேல் எழுதவில்லை. மலர் அச்சாகி எந்தெந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன் அம்மா தனியாக அக்கரையில் இருந்தா. உனக்குப் பதினைந்து வயது. எனக்கு ஒரு கைக்குழந்தை. நீ என்றால் என்ன செய்திருப்பாய்? இதை உண்மையாகத்தான் கேட்கிறேன்.

ஆனால் பயந்துதான் வெட்டினேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். இடம் போதாது என்றேன். அது பொய். அந்த இடத்தில் ‘படுவான்கரையில் சூரியன் மறையும் கண்கொள்ளாக் காட்சி’ என்று நானே எழுதினேன். உன்னிடம் வெட்டச் சொன்ன அதே மாதிரி வசனம். உன் பெயருக்குக் கீழே அது அச்சானது. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். வெட்டியதற்குக் கேட்கலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு கட்டுரையும் காட்டவில்லை. பரீட்சைக்கு எழுதினாய், நல்ல புள்ளியும் எடுத்தாய். எனக்கு அது போதவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். உன்னைப் போல் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பாதை என்றால் தெருவைக் காட்டுகிறார்கள். போன மாதம் அவர்களுக்கு உன் நாலாம் பிரதியை வாசித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல்தான். அதற்கும் கோபிப்பாயா?

பிரதிகளை உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். தேத்தண்ணி தந்தா, இருவரும் அதிகம் கதைக்கவில்லை. மலரின் ஒரு பிரதி பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. நேற்றுப் போய் அந்தக் கண்கொள்ளாக் காட்சியைக் கோடு போட்டு வெட்டி, ஓரத்தில் உன் வசனத்தை எழுதினேன். நாலாம் பிரதியில் அன்று ‘துறையடி’யைச் சுழித்து ‘துறை’ என்று திருத்தி வைத்திருக்கிறேன். நேற்று ‘துறையடி’ என்றே எழுதினேன்.

உன் டீச்சர்