பாப்பாவுக்கு, இந்த மாதம் கேட்ட ரெக்கார்டுகள் பற்றி

அன்புள்ள பாப்பா,

வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீலக் குறி விழுவதோடு சரி. அதனால் மெயிலிலேயே கொஞ்சம் நீளமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குறை சொல்லவில்லை, வேலை இருக்கும், தெரியும். உன் அம்மாதான் பதில் வந்ததா, பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

முதலில் நல்ல விஷயம். நீ அனுப்பிய ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸின் 'பீஸ் பீஸ்' எனக்கு இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. முதல் தடவை கேட்டபோது, என்ன இது, இடது கை அதே இரண்டு கார்டையே (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டையே) ஆறு நிமிஷத்துக்கும் மேலாகத் திருப்பித் திருப்பி வாசிக்கிறது, மனுஷனுக்குச் சலிக்காதா என்றுதான் தோன்றியது. 1958இல் பதிவு செய்திருக்கிறார்கள். இடது கை அசையாமல் அங்கேயே நிற்பதால்தான் வலது கை அவ்வளவு தூரம் போய்வர முடிகிறது என்று நீ போனில் சொன்னாயே, அது இப்போது காதில் விழுகிறது. பாதிக்கு மேல் வலது கை பறவைகள் கத்துகிற மாதிரி எங்கெங்கோ போகிறது, இடது கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் பியானோவைத் தொட்ட ஒருத்தி இதையெல்லாம் வாசிக்கிறாள் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

நீ வாசித்து அனுப்பிய கடைசி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முடித்துவிட்டு போனை அணைக்கிறாய் அல்லவா, அதற்கு முன்னால் இடது கையை கீபோர்டுக்குக் கீழே கொண்டுபோய் இரண்டு தடவை உதறுகிறாய். போன் இடது பக்கம்தான் இருக்கிறது, ஆனால் வலது கையைக் குறுக்கே நீட்டி அணைக்கிறாய். சும்மா கண்ணில் பட்டது. அதற்கப்புறம் வீடியோவே வரவில்லை, அதுவும் சும்மாதான் சொல்கிறேன்.

நான் தேடிப் பிடித்தவற்றைச் சொல்கிறேன், கேள். ஹோரஸ் பார்லன் என்று ஒருவர். சின்ன வயதில் போலியோ வந்து வலது கை பாதி முடங்கிப்போனவர். அந்தக் கையோடு ஜாஸ் பியானோ வாசித்திருக்கிறார், வாசித்தது மட்டுமில்லை, ப்ளூ நோட் ரெக்கார்டு கம்பெனியில் வரிசையாக ஆல்பம் போட்டிருக்கிறார். 1960இல் வந்த 'அஸ் த்ரீ' கேட்டுப்பார். வலது கை ஓடி ஓடி வாசிக்காது, குறைந்த சுரங்களை வைத்துக்கொண்டு அதையே அழுத்தி அழுத்திச் சொல்லும், மிச்சத்தை இடது கை வாங்கிக்கொள்ளும். விஷயம் தெரியாமல் கேட்டால், இவர் வேண்டுமென்றே இப்படி வாசிக்கிறார், என்ன ஒரு ஸ்டைல் என்றுதான் நினைப்போம். நான் அப்படித்தான் நினைத்தேன். அவரால் முடிந்ததை வைத்து வாசித்திருக்கிறார், முடியாததை முடிகிற மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் கீத் ஜாரெட், அவரும் பியானோதான். அவர் என்றாலே எல்லோரும் 1975 கொலோன் கச்சேரியைத்தான் சொல்வார்கள், நல்ல கச்சேரிதான், மோசமான பியானோவைக் கொடுத்தும் சமாளித்துவிட்டார். எனக்கு அதைவிடப் பிடித்தது 'தி மெலடி அட் நைட், வித் யூ'. தீராத களைப்பு நோய் வந்து கச்சேரியெல்லாம் நின்றுபோய், வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, 1998இல் வீட்டு ஸ்டூடியோவிலேயே தனியாக வாசித்துப் பதிவு செய்தது. அவருடைய விரல் வித்தை ஒன்றுகூட அதில் இல்லை. பழைய பாட்டுகள், மெதுவாக, மெட்டை மட்டும் எடுத்து வைக்கிறார். சில இடத்தில் அடுத்த சுரத்துக்கு அவசரமே இல்லாமல் நிற்கிறார். உன்னைப் போலக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, 'ஷெனண்டோவா' மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டால் கூடவே மெதுவாக வாசித்துப் பார்க்கலாம். மெதுவாக. 2018இல் அவருக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டாம் என்று அம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறாள், எழுதவில்லை.

ஆஸ்கர் பீட்டர்சன் உனக்கே தெரியும். 1993இல் பக்கவாதம் வந்து இடது கை பலவீனமான பிறகும் மேடைக்குத் திரும்பினார், அதற்கு முன் நீண்ட நாள் சிகிச்சை எடுத்தார். நீண்ட நாள் என்பதைக் கவனி. 1962இல் பதிவான 'நைட் ட்ரெய்ன்' கேள், அந்த இடது கை அப்போது என்ன பாடு படுத்துகிறது என்று தெரியும்.

எல்லாம் கைக்குப் பிரச்சனை வந்தவர்களாகவே இருக்கிறதே என்று நினைக்காதே. தற்செயல்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். வலியோடு வாசித்தால் வலி பழகிவிடும் என்பது சுத்தப் பொய், தசைநாரில் வீக்கம் வந்துவிட்டால் மேலே மேலே வாசிக்க வாசிக்க அது முற்றும். ராத்திரியில் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், சீக்கிரம் காட்டினால் எளிதில் சரியாகும். ஆசிரியர் தினமும் இவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் அவர் கையா அது, உன் கை. சித்தப்பா தோள்பட்டை விஷயம் உனக்கு நினைவிருக்கும், அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உன்னிடம் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு, எதையும் முற்றின பிறகுதான் வாயைத் திறப்பாய். பரீட்சை சமயத்தில் அந்தக் காய்ச்சலை மூன்று நாள் மறைத்தாயே. அந்தப் பிடிவாதம்தான் உன்னை இவ்வளவு தூரம் கொண்டு வந்தது என்று ஊரெல்லாம் சொல்கிறவனும் நான்தான், அதை என்னிடமே காட்டினால் என்ன செய்வது. கொஞ்ச நாள் வாசிக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இரு. கேட்பதும் பயிற்சிதான். மெதுவாக வாசிக்கலாம், அவசரமில்லை என்று முன்னாடியே சொல்லிவிட்டேனோ?

தம்பிக்கு வேலை மாறிவிட்டது, அதை அவனே சொல்வான். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று.

எரோல் கார்னர் என்று இன்னொருவர், எழுதி வைத்த இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கவே தெரியாது, 1955இல் கலிஃபோர்னியாவில் அவர் வாசித்த 'கான்சர்ட் பை த ஸீ' கச்சேரியைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். குள்ளமான மனுஷன், ஸ்டூலின் மேல் டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்துதான் வாசிப்பாராம். உயரம் சரியாக வேண்டும் அவருக்கு. வீடியோவில் நீ உட்கார்ந்திருப்பது சாப்பாட்டு மேசை நாற்காலி என்று அம்மா சொல்கிறாள், உன் முழங்கை கீபோர்டுக்குக் கீழே போகிறது, மணிக்கட்டு மேலே மடங்குகிறது. உட்காருகிற இடத்திலிருந்து தரை வரைக்கும் எவ்வளவு, கீபோர்டிலிருந்து தரை வரைக்கும் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து எழுது. உயரம் மாற்றுகிற மாதிரி ஒரு பெஞ்ச் நானே இங்கிருந்து ஆர்டர் போட்டு அனுப்புகிறேன். அளவை எழுதும்போது கையைப் பற்றியும் ஒரு வரி எழுது.

அப்பா