சின்னவளுக்கு அம்மா எழுதுவது

சின்னவளுக்கு,

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாடி ஒழுகுவதை இன்னும் சரிபார்க்கவில்லை. வத்தலக்குண்டு மாமா அதே பேச்சுதான், நான் பிடி கொடுக்கவில்லை.

நீ ஃபோன் பண்ணினால் வெயிலைப் பற்றியே பேசுகிறாய். பொங்கலுக்கு வந்தபோது உன் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி ஆரம்பித்தாய். மணி அடித்த பிறகும் வேனில் ஏற மாட்டேன் என்கிறாள், திடீர் திடீரென்று பாவாடையை நனைத்துவிடுகிறாள் என்றாய். பெரியவள் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டாய். நான் கேட்க மாட்டேன், கேட்டால் போலீஸ் புத்தி என்பாய்.

பொதுவாகச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பரில் அமலுக்கு வந்தபோது மகளிர் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவள் நான். 19-ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்வேன். குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தாலும் சரி, போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். டீச்சர் நிரூபிக்க வேண்டியதில்லை, அது எங்கள் வேலை. ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன் என்றால் கடமை முடிந்துவிடாது. சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிர்வாகத்தில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது, அதையும் சட்டமே சொல்கிறது. பள்ளி பெயர் கெட்டுவிடும் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் இதை அப்படியே சொல்.

நான் எழுதிய புகார்களில் டீச்சர் கொண்டுவந்தது அபூர்வம். அம்மாவோ பாட்டியோதான் வருவார்கள். நடுவில் பிள்ளை, "எங்க மிஸ்ஸுக்குத் தெரியும்" என்று சொல்லும். அந்த மிஸ் சாட்சி சொல்ல வரும்போது முகத்தைப் பார்க்க முடியாது.

நாற்பது பேர் கூச்சலில் ஒருத்தி வேன் ஏறாததைக் கவனித்தாயே, அது எல்லோருக்கும் வராது. அப்பாவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவர் நமக்கெதற்கு வம்பு என்றார், அவர் சொல்வதைக் கேட்காதே. ஆனால் கவனித்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுகிறாயே.

பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதே. அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி போட்டு எழுதி வை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணாதே. ஸ்டாஃப் ரூமில் பெயரைச் சொல்லாதே. வீட்டாருக்குப் போலீஸ் என்றால் பயமாக இருக்கும். பிள்ளையிடம் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம், பெண் எஸ்.ஐ. மஃப்டியில்தான் வருவார், ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கவே கூடாது என்று எடுத்துச் சொல். துருவிக் கேட்காதே, தேதி போட்டு எழுது. இரண்டு தடவை சொல்கிறேன் என்று சிரிக்காதே.

நீ ஏற்கெனவே போய்ச் சொல்லிவிட்டு, வேலை போய்விடுமோ என்று என்னிடம் மறைக்கிறாயோ என்றும் தோன்றுகிறது. போனால் போகட்டும். என் பென்ஷன் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். அதற்காக எனக்காகக் காத்திருக்காதே, இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடி, எந்த நேரமும் எடுப்பார்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உடனே எனக்கு ஃபோன் பண்ணு, ராத்திரி பஸ் வரை இருக்க மாட்டேன், கிளம்பிவிடுவேன். அந்தப் பிள்ளையை மட்டும் வேனில் ஏற்றாதே, அவள் அம்மாவையே வந்து கூட்டிப்போகச் சொல்.

அம்மா