நாலு பக்கத்தில் ஒரு பக்கம் தாருங்கள்

பல் கூச்சத்துக்கான பற்பசை தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். தீப்பெட்டி லேபிள், நாள்காட்டி, மருந்துப் பெட்டி என்று பொடி எழுத்தைப் படிப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், சென்ற சித்திரையில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு உங்கள் பெட்டிகளைப் படிக்க முடியாமல் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வெட்கத்தில்தான் இந்த மடல்.

பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த நுங்கைக் கடித்தபோது இடது பக்க மேல்பல் இரண்டு சுரீர் என்று காது வரை இழுத்தன. மறுநாள் மோரிலும் அதே கதை. கடைக்காரரிடம், “பல் கூச்சத்துக்கு ஏதாவது கொடுங்கள், அண்ணாச்சி” என்றேன். கண்ணாடி மேசைமேல் நான்கு பெட்டிகளை வைத்தார். எது நல்லது என்று கேட்டதற்கு, “எல்லாம் ஒன்றுதான் சார். விளம்பரத்தில் வருவதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்” என்றார்.

எல்லாம் ஒன்று இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், ஒன்றில் பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம், அடுத்ததில் ஸ்டானஸ் ஃபுளூரைடு, மூன்றாவதில் ஆர்ஜினைன். நான்காவதில் கிராம்பு முதலாக ஏழெட்டு மூலிகைப் பெயர்கள் இருந்தன, எதற்கும் அளவு இல்லை. நான்கிலும் முன்பக்கத்தில் பளபளக்கும் பல், நீல மின்னல். விலை மட்டும் வீட்டில் வாங்கும் சாதாரணப் பற்பசையைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது.

விவரம் தெரியாமல் நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் ட்யூபை ஐந்து நாள் தேய்த்தேன், கேட்கவில்லை. இரண்டாவதற்கு மாறினேன், அதுவும் ஐந்து நாள். பிறகு மூன்றாவது. மூன்று ட்யூபும் பாதி பாதியாகக் கிடக்க, பல் மருத்துவரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு தாளில் பல்லை வரைந்து காட்டினார். ஈறு விலகினாலோ பல்லின் மேற்பூச்சு தேய்ந்தாலோ உள்ளிருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளியே தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குளிர்ச்சியோ புளிப்போ பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் நீர்மம் அசைய, உள்ளே நரம்பு துள்ளுகிறது. பற்பசை இதை இரண்டு வழியில் சமாளிக்கிறது. பொட்டாசியம் நைட்ரேட் நரம்பின் துள்ளலை அடக்குகிறது; தினம் இரண்டு வேளை தேய்த்தாலும் பலன் தெரிய இரண்டு வாரமாவது, சிலருக்கு நான்கு வாரமும் ஆகும். ஸ்டானஸ் ஃபுளூரைடும் ஆர்ஜினைனும் குழாயின் வாயை அடைக்கிற வகை. ஐந்து நாளில் நான் கைவிட்டது, இன்னும் வேலையே தொடங்காத மருந்தை!

60 விநாடியில் கூச்சம் குறையும் என்று விளம்பரத்தில் வருவதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன். ஆர்ஜினைன் பசையை விரல் நுனியில் எடுத்துக் கூசும் பல்மேல் நேராக ஒரு நிமிடம் தேய்த்தால் உடனே குறைவதுண்டு என்றார். அப்படியானால் அந்த விரலைப் பற்றியல்லவா கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்? பிரஷ்ஷில் பிதுக்கித் தேய்த்து, நாலு தடவை வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “ஏமாற்றிவிட்டார்கள்” என்று திட்டுகிறவர்கள் எத்தனை பேரோ. (கொப்பளிக்காமல் துப்பினால் போதும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். கொப்பளிக்காமல் வர இன்னும் எனக்குப் பழகவில்லை.)

உங்கள் தரப்பில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பல் மருத்துவர்களைக் காட்டி எடுத்த சென்சோடைன் பற்பசை விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தொலைக்காட்சிக்குக் கேள்வி கேட்க ஆள் உண்டு. பெட்டியின் பொடி எழுத்துக்கு யார் இருக்கிறார்கள்?

இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது என் தொழில். பற்பசைப் பெட்டிக்கு நீளப் பக்கங்கள் நான்கு. நான் வாங்கிய ஒன்றில் இரண்டு பக்கங்களில் பெயரும் பல்லும் அப்படியே திரும்ப அச்சாகியிருந்தன. சேர்மானமெல்லாம் வெள்ளிப் பூச்சின்மேல் வெளிர்சாம்பல் நிறத்தில், எழுத்தின் அளவு ஐந்து பாயின்ட்டுக்கும் கீழ். எங்கள் அச்சகத்தில் அந்த ப்ரூஃப் (அச்சுக்கு முந்தைய மாதிரித்தாள்) வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஃபுளூரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு) மேல் போகக்கூடாது, அளவைப் பெட்டியிலும் ட்யூபிலும் அச்சிட வேண்டும் என்று இந்திய விதி வந்த பிறகு அதற்கு இடம் கிடைத்துவிட்டதே.

இன்னொன்று. பொட்டாசியம் பசையை மூன்று வாரம் விடாமல் தேய்த்ததில் ஒரு பல்லின் கூச்சம் அடங்கிவிட்டது. மற்றது அடங்கவில்லை, பழைய அடைப்புக்குக் கீழே சொத்தை விழுந்து, வேர்ச் சிகிச்சை வரை போனது. அது எந்தப் பசைக்கும் கட்டுப்படும் கூச்சம் இல்லை. “நான்கு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்” என்ற ஒரு வரி தமிழில் கண்ணில் படும்படி இருந்திருந்தால், முன்னதாகவே போயிருப்பேன்.

ஒரு பக்கத்துக்கான வாசகத்தை நானே எழுதி, எட்டு பாயின்ட்டில், வெள்ளையில் கறுப்பாகக் கோத்துப் பார்த்தேன். தாராளமாக இடம் கொள்கிறது:

“பல் கூச்சத்துக்கான மருந்து: பொட்டாசியம் நைட்ரேட் 5%. நரம்பின் கூச்சத்தைக் குறைக்கும். தினம் இரண்டு வேளை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கவும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம். அதன் பின்னும் கூசினால், அல்லது ஒரே பல் மட்டும் வலித்தால், பல் மருத்துவரைப் பார்க்கவும்.”

மருந்தின் பெயரையும் நாள் கணக்கையும் உங்கள் சரக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். ப்ரூஃபை அனுப்பினால் கூலி வாங்காமல் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஒரு பிழைதிருத்துநர்