உள்ளூர் வரலாற்று வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இவ்வாண்டுக் கூட்டங்களைச் சென்னை மாகாண அரசின் 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கே ஒதுக்கினோம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவை கட்டுக்கட்டாக இருக்கின்றன. கல்வெட்டிலேயே ஊறிய நம்மவர்களுக்கு ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கணக்கு முதலில் ருசிக்கவில்லை. மனத்தை மாற்றியது இனாம் பதிவேடுதான்.

1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன், வரி விலக்கோ சலுகையோ பெற்ற மானிய நிலங்களை ஊர் ஊராக விசாரித்தது. யார் விட்ட மானியம், எதற்காக, இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன வயது என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்தார்கள். சர்க்காருக்கு வேண்டியது வரிக்கணக்கு. அதைத் தேடப் போய் ஊரின் உறவுமுறை முழுவதையும் பதிந்துவிட்டார்கள்: கோயில் பூசைக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு, ஏரியைப் பழுதுபார்க்கும் தசபந்தத்துக்கு, ஊர் ஊழியருக்கு என எந்தக் காணி எவருக்கு என்பது அதில் இருக்கிறது. மானியம் இல்லாதவர், கூலிக்கு உழுதவர் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.

அத்தகையோரின் குரல் 1855-ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கையில் கேட்கிறது. வரிவசூலில் நடந்த கொடுமைகள் பற்றி 1,900-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. விரல்களை இடுக்கி நெரிக்கும் மரக்கட்டையான 'கிட்டி' பற்றிய பகுதியை வாசித்தபோது அரங்கில் பேச்சே இல்லை. பழியைக் கீழ்நிலை இந்திய ஊழியர்மேல் போட்டு வெள்ளை அதிகாரிகளைக் கமிஷன் விடுவித்ததை ஏற்கலாமா என்று பிறகு காரசாரமான விவாதம் நடந்தது. வரியும் போலீசும் ஒரே தாசில்தார் கையில் இருந்ததை அதே அறிக்கை காட்டுகிறது. அந்த ஏற்பாட்டை வைத்திருந்தது யார்? என் வாதம் இதுதான். முடிவுரையைவிட வாக்குமூலங்களையே நம்ப வேண்டும். 1859-இல்தான் போலீசுக்குத் தனிச் சட்டம் வந்தது.

1876-78 தாது வருடப் பஞ்சக் கோப்புகளுக்கு ஒரே கூட்டம்தான் கிடைத்தது. நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும், மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை மறுத்து எழுதியதும் தனி அமர்வு கேட்கும் விஷயங்கள்.

புதிய உறுப்பினர்களுக்கு ஒரு குறிப்பு: வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்றால் 1876-77. 1855 முதல் ஜூலை 1 அதன் முதல் நாள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வரும் ஆண்டு பஞ்சக் கோப்புகளைத் தொடரவும், பதிவேட்டுப் படிகளுக்கெனத் தனி நிதி ஒதுக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்தினால் ரசீதுப் புத்தகம் கையில் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்