ஊர்ப் பேரிடர் பதிவேடு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊரைத் தாக்கிய வெள்ளம், புயல், இடி, வறட்சி எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் சேர்க்கும் பணி இந்த ஆண்டும் தொடர்ந்தது. பழைய நாளிதழ்களிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் கிடைத்த குறிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டோம். அதிக நாள் பிடித்தது, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று காட்டும் வெள்ள மட்டக் குறிகள்தான்.

"அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீர்" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதிவைத்தால் தவறாகிவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்துவிட்டது. அதே உயரத்துக்கு மறுபடி வெள்ளம் வந்தால் இன்று கணுக்கால்கூட நனையாமல் போகலாம். அதனால் எந்த உயரத்தையும் சாலையிலிருந்து அளப்பதில்லை. கல் பாலத்தின் கைப்பிடிச் சுவர், பழைய கட்டடத்தின் படிக்கல் போல இடம் மாறாத ஒன்றிலிருந்தே அளக்கிறோம்.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு மூன்று நாளுக்குள் குறி போட்டுவிட வேண்டும். அடுத்த மழையோ வீட்டைக் கழுவும் துடைப்பமோ சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையை அழித்துவிடும். வெளிச்சுவரை நம்பக்கூடாது. அங்கே அலை அடித்து, கறை உண்மை மட்டத்துக்கு மேலே பட்டையாகப் படிந்திருக்கும். பூட்டிய அறைக்குள் தண்ணீர் அசையாமல் நின்றிருந்தால், பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய வண்டல் வரி தெரியும். அதுதான் சரியான குறி. பாலத் தூணில் நீர் வந்து மோதும் பக்கத்தில் குப்பை மேலேறி நிற்கும். அதையும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு குறியின் மட்டத்தை இன்னொரு சுவருக்குக் கொண்டுபோக, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே (நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்) போதும். ஒரே தெருவில் ஒரே வெள்ளத்தின் இரண்டு குறிகள் நான்கு விரற்கடை வித்தியாசம் காட்டின. குழாயின் வளைவில் காற்றுக்குமிழ் தங்கியதே காரணம். வாளியை உயரத்தில் வைத்து, ஒரு முனையிலிருந்து மெதுவாக நீரேற்றிக் குமிழை வெளியேற்றி, இரு முனைகளையும் திறந்துவைத்து மறுபடி அளந்தபோது இரண்டும் ஒத்துவந்தன.

மழைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மழைமானியைக் காலையில் குறிப்பிட்ட நேரத்தில் படிப்பதால், அந்நேரத்தைத் தாண்டிப் பெய்யும் ஒரே மழை இரண்டு நாளாகப் பிரிந்துவிடும். நாளிதழ் சொல்லும் தேதியும் மானிப் பதிவும் ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் யாரும் பொய் சொன்னதாகாது. மானி நிரம்பி வழிந்திருந்தால் கொள்ளளவை எழுதி, "இதற்கு மேல்" என்று சேர்க்க வேண்டும். 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர்; 100 மி.மீ. பெய்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் 10 கோடி லிட்டர் விழுகிறது.

"நூறாண்டு வெள்ளம் வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்ற பேச்சை இவ்வாண்டும் கேட்டோம். அந்தச் சொல்லுக்கு, ஒவ்வோர் ஆண்டும் 100-இல் 1 வாய்ப்பு உள்ள வெள்ளம் என்றே பொருள். 30 ஆண்டு ஒரே வீட்டில் இருப்பவர் அதை ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு.

குறிகளைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. ஜப்பானின் அனெயோஷியில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு நட்ட கல் தனக்குக் கீழே வீடு கட்டக்கூடாது என்கிறது. ஊரார் அதை மதித்தார்கள். 2011-இல் அலை அந்தக் கல்லை எட்டவில்லை. மேலே இருந்த வீடுகள் தப்பின. வண்ணத்தில் எழுதிய நம் குறிகளில் சில வெள்ளையடிப்பில் மறைந்துபோனது பெரிய வருத்தம்.

வறட்சிப் பகுதி இன்னும் மெலிவாகவே உள்ளது. கிணற்று நீர்மட்டம் எழுதிவைத்தவர்கள் தந்து உதவ வேண்டும். வெள்ளப் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் படத்தோடு பதிவான தேதியும் நேரமும் போய்விடும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்