கிளேஸ் கல்லாயிடுச்சுன்னு சொன்னியே

கண்ணு,

நேத்து நீ போன்ல பால்சாமிக் கிளேஸ், அதான் அந்த திராட்சை வினிகர வத்தக் காய்ச்சுறது, சட்டியோட கல்லா ஒட்டிக்கிச்சும்மான்னு சொன்னப்ப நான் வேலைக்குக் கிளம்பிட்டு இருந்தேன், ஒழுங்கா பதில் சொல்லல, மனசு கேக்கல, அதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல வினிகர் பாட்டில். இத்தாலியில நம்ம மொதேனா ஊர்ல குட்டி உருண்டை பாட்டில்ல 100 மில்லி விக்கிறாங்களே, 12 வருஷம் மரப்பீப்பால கெடந்தது, அத அடுப்பு பக்கமே கொண்டு போகாத, அது ஏற்கனவே பாகு மாதிரிதான் இருக்கும், அப்படியே சொட்டு விடணும். கிளேஸுக்கு கடையில கெடைக்கிற சாதா ஐஜிபி (IGP, ஊர்ப்பேருக்கான முத்திரை) போட்ட வினிகர் பாட்டிலே போதும். வாங்குறப்ப பின்னாடி திருப்பிப் படி, மோஸ்தோன்னு திராட்சைச் சாறு மொதல்ல போட்டிருந்தா இனிப்பு ஜாஸ்தி, வினிகர் மொதல்ல இருந்தா புளிப்பு ஜாஸ்தி. சாறு முன்னாடி இருக்குறத எடுத்தேன்னா சர்க்கரையே வேணாம்.

250 மில்லி ஊத்து, எவர்சில்வர் சட்டில, அலுமினியம் வேணாம், புளிப்புக்கு ஆகாது. அடுப்ப சிம்ல வை, ஓரத்துல மட்டும் சின்னச் சின்னதா கொப்புளம் வரணும், தளதளன்னு கொதிச்சா அடியில இருக்குற சக்கரை கருகி கசந்துடும். ஒரு 20 நிமிஷத்துல பாதிக்கும் கீழ வந்துடும்.

நீ தப்பு பண்ண இடம் இங்கதான் கண்ணு, அடுப்புல இருக்கும்போதே தேன் மாதிரி ஆகட்டும்னு காத்திருந்திருக்க. சூட்டுல அது தண்ணியாத்தான் தெரியும், ஆறினாத்தான் கெட்டியாகும். பாட்டி அதிரசத்துக்கு பாகு வெச்சா தண்ணில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாப்பாங்கல்ல, இதுல உருட்ற பதம் வந்தாலே கதை முடிஞ்சுது. ஒரு தட்டை ஃப்ரீசர்ல வெச்சிரு, அதுல ஒரு சொட்டு விட்டு சாய்ச்சுப் பாரு, மெதுவா வழிஞ்சா உடனே இறக்கிடு. கரண்டி முதுகுல விரலால கோடு போட்டா கோடு மூடக் கூடாது, அதுவும் ஒரு கணக்கு. கொஞ்சம் கெட்டியாயிட்டா பயப்படாத, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு லேசா சூடு பண்ணு, இளகிடும். கருகுனத மட்டும் கொட்டிடு, அத காப்பாத்த முடியாது.

இன்னொன்னு, ஜன்னல். உனக்கு 4 வயசு இருக்கும்போது குளிருதுன்னு எல்லாத்தையும் சாத்திட்டு காய்ச்சினேன், அந்த ஆவி உன் தொண்டையில ஏறி கண்ணெல்லாம் செவந்து இருமின பாரு, இப்ப நெனச்சாலும் வயித்தப் பெசையுது. சட்டி மேல குனிஞ்சு மோந்து பாக்காத.

உன் ரூம் கிச்சன்ல ஜன்னல் இருக்கா? கேக்கவே மறந்துட்டேன். இல்லைன்னா நீ காய்ச்சவே வேணாம், நான் காய்ச்சி ஜாம் பாட்டில்ல ஊத்தி அப்பாகிட்ட கொடுத்து விடுறேன், பார்மிஜானோ சீஸும் ஒரு துண்டு வெக்கிறேன், அது மேல ரெண்டு சொட்டு விட்டுச் சாப்பிடு.

அம்மா