தண்ணீர் ராக்கெட்: கோளாறு அடியில்தான்

ஆசிரியருக்கு வணக்கம். கடற்கரையில் தண்ணீர் ராக்கெட் (பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, காற்றடைத்து மேலே ஏவுவது) விடும் பிள்ளைகள் பாட்டிலை அலங்கரிக்கும் அக்கறையை ஏவுதளத்தில் காட்டுவதில்லை. அரை அங்குல பிவிசி குழாயை 2 லிட்டர் சோடா பாட்டிலின் கழுத்தில் நுழைத்துப் பார்த்தே வாங்குங்கள். குழாய்க்குக் குழாய் தடிமன் மாறும். காற்று கசியாமலிருக்கக் குழாயில் மாட்டும் ரப்பர் வளையம், சோப்பு தடவினால்தான் பாட்டில் அதன்மேல் ஏறும் இறுக்கத்தில் இருக்கட்டும். குழாயைச் சுற்றி நிற்கும் கேபிள் டைகளின் (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள்) தலைகள் கழுத்து விளிம்பை ஒரே மட்டத்தில் கவ்வ வேண்டும். ஒன்று ஏறி இறங்கினாலும் ராக்கெட் கோணிக்கொண்டு போகும். அவற்றின் மேல் சறுக்கும் பெரிய குழாய்த் துண்டுதான் பூட்டு. அதை 5 மீட்டர் கயிற்றால் கீழே இழுத்தால் பாட்டில் விடுபடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) காற்றழுத்தம் போதும். மெல்லிய குடிநீர் பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். கேபிள் டைகளைக் குழாயோடு இறுக்கும் இரும்பு கிளாம்ப்பை உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிடும். அதற்குப் பதில் நைலான் கயிற்றால் கட்டுங்கள். மணலில் முளை நிற்காது, ஏவுதளத்தைப் பலகையில் பொருத்தி மேலே மணல்மூட்டை வையுங்கள்.

- வாசகர்கள், மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்